மாப்பிள்ளையின் கையில் கொடுத்த பணம் யாருடையது?



காதி நீதிமன்றம் பற்றிப் பேச்சு வந்தால் நம்மவர்களின் விவாதம் மூன்று இடங்களில்தான் போய் நிற்கும். பெண்ணின் திருமண வயது, பலதார மணம், பெண்கள் காதியாகலாமா என்பது. மூன்றும் பேசப்பட வேண்டியவைதான். ஆனால் ஒரு சகோதரி பொலித்தீன் பையில் கடதாசிகளைச் சுற்றி எடுத்துக்கொண்டு காதியாரிடம் போகும்போது, அந்தப் பைக்குள் இருப்பது அநேகமாகப் பணக்கணக்கு. கல்யாணத்துக்குக் கொடுத்த காசு, அடகில் கிடக்கும் நகை, பிள்ளையின் பால்மா, வகுப்புக் காசு. அந்தக் கணக்கின் வரலாற்றைத்தான் இன்று கொஞ்சம் நீளமாக எழுதப்போகிறேன். பெண் பிள்ளைகளைப் பெற்றவர்கள் பொறுமையாக வாசியுங்கள்.

முதலில் ஒரு சொல்: கைக்கூலி. தமிழ் அகராதியைத் திறந்தால் லஞ்சம் என்று பொருள் போட்டிருக்கும். நமது ஊர்களில் அது மாப்பிள்ளைக்குப் பெண் வீட்டார் கொடுக்கும் காசு. ஆனால் இலங்கைச் சட்டப் புத்தகத்தில் இதற்கு மூன்றாவது ஒரு பொருள் இருக்கிறது. 1951ஆம் ஆண்டின் 13ஆம் இலக்க முஸ்லிம் விவாக, விவாகரத்துச் சட்டம் ஆங்கிலத்தில் எழுதப்பட்டபோதும் இந்தச் சொல்லுக்கு ஆங்கிலம் தேடவில்லை. கைக்கூலி என்றே எழுதியது. அது சொல்லும் பொருளைச் சுருக்கமாகச் சொன்னால் இப்படி வரும்: விவாகத்துக்கு முன்னரோ விவாகத்தின்போதோ, மணமகளின் உறவினரோ வேறொருவரோ, மணமகளின் பாவனைக்காக மணமகனிடம் கொடுத்த அல்லது கொடுப்பதாக வாக்களித்த பணமும் அசையும் சொத்தும்.

"மணமகளின் பாவனைக்காக" என்ற இடத்தைத் திரும்ப ஒருமுறை வாசியுங்கள். காசு போவது மாப்பிள்ளையின் கைக்கு. சொந்தம் பெண்ணுக்கு. அவர் வைத்திருப்பவர் மட்டும். ஊரில் இதை எத்தனை பேருக்குச் சொன்னாலும் நம்புகிறார்களில்லை. "கொடுத்தது கொடுத்ததுதானே சேர்" என்கிறார்கள்.

இந்தச் சட்டம் எங்கிருந்து வந்தது என்பதற்கு ஒல்லாந்தர் காலத்துக்குப் போக வேண்டும். 1770இல் ஆளுநர் இமான் வில்லெம் பல்க் காலத்தில், பத்தாவியாவில் (இன்றைய ஜகார்த்தா) முஸ்லிம்களுக்காகத் தொகுக்கப்பட்டிருந்த சட்டக்கோவை ஒன்று இலங்கைக்குக் கொண்டுவரப்பட்டது. அதாவது நமது முதலாவது எழுத்துச் சட்டம் ஜாவாவிலிருந்து வந்தது. அங்கும் ஷாபிஈ மத்ஹப், இங்கும் ஷாபிஈ மத்ஹப் என்பதால் பெரிய இடறல் இருக்கவில்லை. பிறகு ஆங்கிலேயர் வந்தார்கள். அலெக்சாந்தர் ஜோன்ஸ்டன் கொழும்பு முஸ்லிம் தலைவர்களோடு கலந்து பேசி அந்தக் கோவையைத் திருத்தியமைக்க, ஆளுநர் மெயிற்லண்டின் காலத்தில் 1806 ஓகஸ்டில் அது முஹம்மதியச் சட்டக்கோவையாக வெளிவந்தது. கொழும்பு மாகாணத்துக்கு மட்டும் உரியதாக இருந்ததை 1852இல் நாடு முழுவதற்கும் விரித்தார்கள்.

அந்தக் காலத்தில் காதி நீதிமன்றம் என்று ஒன்று இல்லை. மஹர் வரவில்லை, கொடுத்த காசு திரும்பவில்லை என்றால் அரசாங்க நீதிமன்றப் படியேற வேண்டும். சட்டத்தரணி பிடிக்க வேண்டும். வீட்டு வாசலைத் தாண்டாத ஒரு பெண்ணுக்கு அது எவ்வளவு தூரம் என்று சொல்லத் தேவையில்லை. இந்தக் குறையைப் போக்கத்தான் 1929இல் 27ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் வந்தது. நாம் இன்று அறிந்திருக்கும் காதி முறையின் அத்திவாரம் அதுதான். நிறைவேறியது 1929, நடைமுறைக்கு வந்தது 1937. அதன் இடத்துக்கு வந்த இப்போதைய சட்டமும் 1951இல் நிறைவேறி 1954 ஓகஸ்ட் 1ஆம் திகதிதான் அமுலுக்கு வந்தது. நமது விவாகச் சட்டம் எந்தக் காலத்திலும் அவசரப்பட்டதில்லை.

சட்டத்தின் 47ஆம் பிரிவை எடுத்துப் பாருங்கள். காதியார் விசாரிக்கக்கூடிய பண விடயங்கள் அங்கேதான் இருக்கின்றன. மஹர், மனைவியின் தாபரிப்பு, பிள்ளைகளின் தாபரிப்பு, பிரசவச் செலவு, இத்தாக் காலத் தாபரிப்பு, கைக்கூலி. தாபரிப்புத் தொகையைக் கூட்டவும் குறைக்கவும் கேட்கலாம். 74ஆம் பிரிவின்படி காதியார் முன் சட்டத்தரணிகள் தோன்ற முடியாது. செலவில்லாமல், ஊருக்குள்ளேயே, நமது பாஷையில் முடிய வேண்டும் என்பது அன்றைய எண்ணம். நல்ல எண்ணம்தான். பேசத் தெரிந்த கணவனுக்கும் வாய் திறக்காத மனைவிக்கும் இடையே சட்டத்தரணி இல்லாமல் போவது யாருக்கு லாபம் என்பதை அவர்கள் அன்று யோசித்தார்களா தெரியாது.

இனிக் கைக்கூலிக்கு என்ன நடந்தது என்று பார்ப்போம். எனக்கு மிகவும் கவலை தரும் பகுதி இதுதான்.

என் சிறு வயதில் கல்யாணம் பேசும் சபைகளில் "கைக்கூலி எவ்வளவு?" என்று வாய்விட்டே கேட்பார்கள். நாலு பேருக்குத் தெரிய எண்ணிக் கொடுப்பார்கள். அது வெட்கக்கேடான காட்சிதான், மறுக்கவில்லை. பிறகு தஃவா அமைப்புகள், உலமாக்கள், படித்த இளைஞர்கள் எல்லோரும் சேர்ந்து கைக்கூலிக்கு எதிராகப் பேசினார்கள். பேசியது சரி. மஹர் கொடுத்து மணமுடிக்கும் பிள்ளைகள் உருவானார்கள், அல்ஹம்துலில்லாஹ். ஆனால் எல்லா வீட்டிலும் அப்படி நடக்கவில்லை. பல வீடுகளில் ஒழிந்தது சொல் மட்டும். காசு வேறு பெயரில் வந்தது. "மாப்பிள்ளைக்கு நாங்க சந்தோஷத்துக்குக் கொடுக்கிறது", "கடைக்கு ஒரு உதவி", "வெளிநாடு போக டிக்கட் காசு", மோட்டார் சைக்கிள், தளபாடம். இரவில், இரண்டு வாப்பாமாருக்கும் இடையில், சாட்சி இல்லாமல். ஹராம் என்று தெரிந்ததை எழுதிவைக்க யாருக்கு மனம் வரும்?

ஆக, சொல்லுக்குரிய வெட்கம் காசைத் தடுக்கவில்லை. சாட்சியைத்தான் அழித்தது. வாழ்க்கை முறிந்து காதியாரிடம் போனால் அவர் கேட்பது இரண்டு கேள்வி: எழுத்து இருக்கா? கண்டவர் யார்? மாப்பிள்ளை பக்கம் "நாங்கள் கைக்கூலி வாங்கவேயில்லை, நாங்கள் மார்க்கப்பற்றுள்ள குடும்பம்" என்று நிற்கும். பெண்ணின் வாப்பாவோ அதே பள்ளிவாசலில் அதே வஅளுக்குத் தலையாட்டியவர். கொடுத்தேன் என்று சபையில் சொல்ல அவருக்கும் கூச்சம். சட்டம் பெண்ணின் பக்கம் நின்றும் அவள் வெறுங்கையோடு திரும்புகிறாள்.

கைக்கூலி என்பது அசையும் சொத்துக்கு மட்டும் உரியது என்பதையும் கவனியுங்கள். வீடு, வளவு, வயல் அதற்குள் வராது. கிழக்கில் பெண்ணுக்கு வீடு கொடுப்பது நமது வழமை. உறுதி பெண்ணின் பெயரில் இருந்தால் பெரும்பாலும் பிரச்சினை இல்லை. மாப்பிள்ளையின் பெயரிலோ இருவர் பெயரிலுமோ எழுதிவிட்டால் அது காதியாரின் கையைத் தாண்டிவிடும். மாவட்ட நீதிமன்றம் போக வேண்டும், வருடக்கணக்கில் நடக்கும். இதற்கு மறுபக்கமும் உண்டு, அதையும் சொல்லாவிட்டால் நியாயமில்லை. கத்தாரிலும் சவூதியிலும் பத்து வருடம் வெயிலில் நின்று உழைத்த காசில் மனைவியின் வளவில் மேல்மாடி கட்டிய ஆண்கள் இருக்கிறார்கள். பிரிந்த பிறகு அந்தச் சீமெந்துக்கு என்ன கணக்கு? இருவரும் சேர்ந்து தேடிய சொத்தைப் பிரிப்பதற்கு 1951 சட்டத்தில் ஏற்பாடு கிடையாது. மலேசியாவில் இருக்கிறது. 'ஹர்தா செபஞ்சாரியான்' என்பார்கள், கணவன் மனைவி சேர்ந்து தேடிய சொத்து என்று பொருள். மலாய் வழமையிலிருந்து எடுத்து, 1984இல் கூட்டாட்சிப் பிரதேசங்களுக்கான இஸ்லாமியக் குடும்பச் சட்டத்திலும் எழுதிவைத்தார்கள். பத்தாவியாவிலிருந்து சட்டக்கோவையை எடுத்துவந்த நாம் அந்தப் பக்கம் திரும்பிப் பார்ப்பதில் தப்பில்லை.

மஹர் பற்றி இரண்டு வார்த்தை. நமது உம்மாமாரின் காவின் பதிவுகளை எடுத்துப் பாருங்கள், மஹர் 101 ரூபாய் என்றிருக்கும். அன்று அதற்கு ஒரு பெறுமதி இருந்தது. இன்று பஸ் காசுக்கும் காணாது. ரூபாயில் எழுதிப் பிறகு தருவதாகச் சொன்ன மஹர் காலத்தோடு கரைந்துவிடும். பவுணில் எழுதினால் கரையாது. 2022ஐ நாம் எல்லோரும் பார்த்தோமே. அந்த வருடம் செப்டெம்பரில் பணவீக்கம் 70 வீதத்தைத் தொட்டது. அதற்கு முன்னர் கட்டளையிடப்பட்ட பிள்ளைத் தாபரிப்புகள் அப்படியே நிற்கின்றன என்றால், அந்தப் பிள்ளைக்குக் கிடைப்பது முந்திய தொகையின் பாதிகூட இல்லை. கூட்டித் தரும்படி காதியாரிடம் கேட்கலாம் என்பது தாய்மாருக்குத் தெரிவதில்லை. வகுப்பில் கொப்பி இல்லாமல் வந்து உட்காரும் பிள்ளையை ஏன் கொண்டுவரவில்லை என்று கேட்டால் பேசாமல் கீழே பார்க்கும். பிறகு விசாரித்தால் கதை இதுவாகத்தான் இருக்கும்.

இனி, எந்த வழியில் பிரிகிறோம் என்பதே ஒரு பணக்கணக்கு என்பதைச் சொல்ல வேண்டும். கணவன் தலாக் சொன்னால் மஹர் பாக்கி, இத்தாத் தாபரிப்பு, கைக்கூலி எல்லாம் பெண்ணுக்கு உரியவை. கணவனின் குற்றம் காரணமாகப் பெண் பஸ்ஹ் கேட்டால் அவள் தன் உரிமையை விட்டுக்கொடுக்க வேண்டியதில்லை. ஆனால் சாட்சிகள் வேண்டும், காதியாரோடு மூன்று மதியுரைஞர்கள் இருந்து விசாரிக்க வேண்டும், இழுபடும். குல்உ என்றால் அவள் ஏதாவது கொடுத்து விடுதலை வாங்குகிறாள், அது பெரும்பாலும் மஹர்தான். அடிக்கிற, செலவுக்குத் தராத கணவனிடமிருந்து பிரிய வரும் பெண்ணிடம், "பஸ்ஹ் சுணங்கும் மகள், குல்உ எடுத்துக்கொண்டு நிம்மதியாகப் போங்க" என்று நல்லெண்ணத்தோடு புத்தி சொல்கிறார்கள். அந்தப் புத்தியின் விலை எவ்வளவு என்று யாரும் அவளுக்குக் கணக்குப் பார்த்துச் சொல்வதில்லை. குல்உ மார்க்கம் தந்த உரிமை. குற்றம் செய்தவன் பணமும் மீதம் பிடித்துக்கொண்டு போவதற்கான குறுக்குவழியல்ல.

கட்டளை கிடைத்தால் முடிந்ததா? இல்லை. கணவன் கட்டாவிட்டால் காதியார் பொலிஸை அனுப்ப முடியாது. விடயம் நீதவான் நீதிமன்றத்துக்குப் போய், அங்கே அபராதம் அறவிடுவது போல அறவிடப்பட வேண்டும். மாதாமாதம் கட்ட வேண்டிய தாபரிப்பில் ஒவ்வொரு தவறுகைக்கும் இந்த அலைச்சல். கணவன் கடல் கடந்திருந்தால் இன்னும் கஷ்டம். காதியார்மாரைக் குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை. அவர்களுக்குக் கிடைக்கும் கொடுப்பனவு சம்பளம் என்று சொல்லும் அளவுக்கு இல்லை. பலர் சொந்த வீட்டு விறாந்தையிலோ பாடசாலைக் கட்டடத்திலோ அமர்வு நடத்துகிறார்கள். அரசாங்கம் சட்டத்தைக் கொடுத்தது, கட்டடத்தையும் எழுதுவினைஞரையும் கொடுக்கவில்லை.

சட்டத்தில் இல்லாத ஒரு சொல்லும் இருக்கிறது: மத்தாஃ. தலாக் சொல்லப்பட்ட பெண்ணுக்குக் கணவன் தன் வசதிக்கேற்பக் கொடுக்க வேண்டிய கொடை. சூரத்துல் பகராவின் 236ஆம், 241ஆம் வசனங்கள் பேசுவது இதைப்பற்றித்தான். நமது ஷாபிஈ மத்ஹபில் இது பொதுவாக வாஜிப். அப்படியிருந்தும் 1951 சட்டம் இதை வெளிப்படையாகக் குறிப்பிடவில்லை. குறிப்பிடாததால் ஒரு காதியார் கொடுக்கச் சொல்வார், அடுத்த ஊர்க் காதியார் அப்படியொன்று சட்டத்தில் இல்லையே என்பார்.

மற்ற முஸ்லிம் நாடுகள் என்ன செய்தன? எகிப்து 1985இன் 100ஆம் இலக்கச் சட்டத்தில், மனைவியின் சம்மதமும் அவள் பக்கம் காரணமும் இல்லாமல் தலாக் சொன்னால், குறைந்தது இரண்டு வருடத் தாபரிப்புக்குச் சமமான மத்தாஃ என்று எழுதியது. கணவனின் வசதி, எத்தனை வருடம் வாழ்ந்தார்கள் என்பதெல்லாம் பார்க்கப்படும். மலேசியாவிலும் தகுந்த காரணமின்றித் தலாக் சொல்லப்பட்ட பெண்ணுக்கு நீதிமன்றம் முத்ஆ கட்டளையிடலாம். பக்கத்து இந்தியாவின் கதை வேறு விதமானது. இந்தூரைச் சேர்ந்த ஷா பானு நாற்பது வருடத்துக்கு மேல் வாழ்ந்த பிறகு தலாக் சொல்லப்பட்டார். 1985இல் உச்ச நீதிமன்றம் அவருக்கு ஜீவனாம்சம் உண்டு என்றதும் நாடே இரண்டாகப் பிளந்தது. அடுத்த வருடம் பாராளுமன்றம் ஒரு தனிச் சட்டம் கொண்டுவந்து இத்தாவோடு கடமை முடிகிறது என்று சொல்வது போல் செய்தது. 2001இல் தானியால் லத்தீபி வழக்கில் நீதிமன்றம் அதே சட்டத்தை வேறு கண்ணால் வாசித்தது: கொடுப்பது இத்தாவுக்குள் கொடுக்கப்பட வேண்டும், ஆனால் கொடுக்கும் தொகை அவளது எதிர்காலத்துக்கும் போதுமானதாக இருக்க வேண்டும். 2024 ஜூலையில் தெலங்கானா வழக்கொன்றில், பொதுச் சட்டத்தின் கீழும் முஸ்லிம் பெண் ஜீவனாம்சம் கேட்கலாம் என்று திரும்பவும் உறுதி செய்தார்கள். அங்கே அரசியல் கலந்த சத்தத்தில் மத்தாஃ என்ற மார்க்கக் கடமை பற்றிய பேச்சு அமுங்கிப்போனது. நமக்கு அந்தச் சத்தம் தேவையில்லை. நமது மத்ஹபில் ஏற்கெனவே இருப்பதை எழுதிக்கொண்டாலே போதும்.

எழுதினோமா? 2009இல் அப்போதைய நீதி அமைச்சர் மிலிந்த மொறகொட, நீதியரசர் சலீம் மர்சூப் தலைமையில் ஒரு குழுவை நியமித்தார். கிட்டத்தட்ட 9 வருடங்களுக்குப் பிறகு, 2018 ஜனவரியில் அறிக்கை கையளிக்கப்பட்டது. குழு இரண்டாகப் பிரிந்திருந்தது. நீதியரசர் மர்சூப் பக்கம் ஒன்று, ஜனாதிபதி சட்டத்தரணி பாயிஸ் முஸ்தபா பக்கம் ஒன்று. அதன் பிறகு பாராளுமன்ற உறுப்பினர்கள் கூடினார்கள், ஜம்இய்யதுல் உலமா கூடியது, பெண்கள் அமைப்புகள் கொழும்பில் பதாகை பிடித்தார்கள். 2021இல் அமைச்சரவை காதி முறையையே நீக்கும் முடிவு வரை போனது. மத்தாஃ பற்றிய முன்மொழிவுகளும் இந்தக் கடதாசிகளுக்குள் இருந்தன. ஆனால் நாம் சண்டை பிடித்தது வயதுக்கும் பலதார மணத்துக்கும். பெரிதாகக் கருத்து வேறுபாடு இல்லாத பணப் பகுதியை முதலில் தனியாக எடுத்துத் திருத்தியிருக்கலாம் என்பது என் அபிப்பிராயம். மத்தாஃவை எழுதுவதற்கும், தாபரிப்பு அறவிடுவதை இலகுவாக்குவதற்கும், காதியாருக்கு ஓர் அறையும் எழுதுவினைஞரும் கொடுப்பதற்கும் எந்த ஆலிம் மறுத்திருப்பார்? எல்லாவற்றையும் ஒரே பொதியில் கட்டியதால் எல்லாமே பொதியோடு நின்றுவிட்டது.

சட்டம் மாறும்வரை நாம் செய்யக்கூடியவை இருக்கின்றன. கைக்கூலி கொடுக்காதீர்கள், அதுதான் முதலாவது. அப்படியும் கொடுக்கிறீர்கள் என்றால், அன்பளிப்பு, உதவி என்று எந்தப் பெயரிலானாலும், கையில் கொடுக்காமல் வங்கி மூலம் கொடுங்கள். என்ன, எவ்வளவு, எந்தத் திகதி, மகளின் பாவனைக்காக என்று ஒரு கடதாசியில் எழுதி மாப்பிள்ளையும் இரண்டு சாட்சிகளும் கையொப்பமிடட்டும். "நம்பிக்கையில்லையா மாமா?" என்று கேட்டால், கடன் கொடுக்கல் வாங்கலை எழுதச் சொன்ன மார்க்கம்தானே நமது மார்க்கம் என்று சொல்லுங்கள். நகைக்கு நகைக்கடைப் பற்றுச்சீட்டை மகளின் பெயரிலேயே எடுங்கள். மஹரைப் பவுணில் எழுதுங்கள். வளவில் மருமகன் கட்டுகிறார் என்றால் அவர் போட்ட காசுக்கும் ஒரு கணக்கு வையுங்கள், அதுவும் அமானிதம்தான்.

பள்ளிவாசல் நம்பிக்கையாளர் சபைகள் காவின் எழுதும் நாளில் இந்தக் கடதாசிக்கு ஒரு மாதிரிப் படிவத்தை அச்சடித்து வைத்தால் வாப்பாமாரின் கூச்சம் பாதி குறையும். எல்லோருக்கும் ஒரே படிவம் என்றால் யாரும் யாரையும் சந்தேகப்பட்டதாகாது. நமது ஊர்ப் பள்ளி நிர்வாகத்திடம் இதைக் கேட்டிருக்கிறேன், அடுத்த கூட்டத்தில் எடுப்பதாகச் சொல்லியிருக்கிறார்கள். படிவம் தயாரானால் இங்கே போடுகிறேன், தேவையான ஊர்கள் எடுத்துக்கொள்ளுங்கள். ஏற்கெனவே இப்படி ஒன்றை நடைமுறைப்படுத்தும் மஹல்லாக்கள் இருந்தால் கீழே அறியத் தாருங்கள்.